பில்ராத் ஒண்ணா, ரெண்டா?

எங்கள் சீஃப் வார்டு ரவுண்ட்ஸில் பேரியம் மீல் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பில்ராத் ஒண்ணா, ரெண்டா?"

இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்த நோயாளியின் படம் அது. குடிக்கக் கொடுத்த பேரியம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அது மிச்ச இரைப்பையிலிருந்து நேராக டியோடினத்துக்குள், அதாவது சிறுகுடலின் முதல் பகுதிக்குள், இறங்கினால் ஒன்று. டியோடினத்தின் வாயைத் தைத்து மூடிவிட்டு, கீழேயிருக்கும் சிறுகுடலின் ஒரு வளைவை மேலே இழுத்து இரைப்பையோடு இணைத்திருந்தால் ரெண்டு. தப்பாகச் சொன்னவனுக்கு அன்று தியேட்டரில் வெட்டுவாயை விலக்கிவைக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்கிற வேலை மட்டும்தான்.

நான் எம்.எஸ். படித்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அன்றைக்கு எங்கள் வார்டில் பாதிக் கட்டில் அல்சர்காரர்களுடையது. புண் ஆறுவதும் கிளம்புவதுமாக வருஷங்கள் ஓடி, தழும்பு இறுகி, இரைப்பையின் வாசலே அடைத்துப்போயிருக்கும். முந்தாநாள் சாப்பிட்டதை இன்றைக்கு வாந்தியெடுப்பார்கள். அவர்களுக்கு நாங்கள் செய்தது பெரும்பாலும் அமிலம் சுரக்கவைக்கும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு ஒரு ஜி.ஜே., அதாவது இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே ஒரு குறுக்குவழி. பில்ராத் வந்தது புற்றுநோய்க்குத்தான். ரொம்ப நாளைக்கு எனக்கு பில்ராத் என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு ஆபரேஷன். சென்னைக்காரர்களைக் கேட்டால் ஷெனாய் நகர் மருத்துவமனையின் பெயர்ப்பலகையைச் சொல்வார்கள்.

அவரை ஆளாக எனக்கு அறிமுகப்படுத்தியதும் அந்த சீஃப்தான். அவர் மேசை டிராயரில் நீள நோட்டு ஒன்று இருக்கும். எங்கள் யூனிட்டில் அவர் கத்தி வைத்து இறந்துபோனவர்களின் கணக்கு மட்டுமே அதில். வயது, என்ன ஆபரேஷன், எத்தனையாவது நாள், எதனால். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு கிடையாது. அதில் "இரண்டு மணி நேரம் முன்னால் திறந்திருக்கலாம்", "ரத்தம் கைவசம் வைத்துக்கொள்ளவில்லை, என் தப்பு" என்று அவர் கையெழுத்தில் இருக்கும். நான் ஒருநாள் எட்டிப்பார்த்து மாட்டிக்கொண்டேன். திட்டுவார் என்று நின்றேன். "இது என் யோசனை இல்லப்பா. பில்ராத் செஞ்சது. போய்ப் படி" என்றார்.

படிக்க எனக்கு முப்பது வருஷம் ஆனது, அது வேறு கதை.

கிறிஸ்டியன் ஆல்பர்ட் தியோடார் பில்ராத் 1829 ஏப்ரல் 26 அன்று, பால்டிக் கடலில் ஜெர்மனியின் வடகரையை ஒட்டி இருக்கும் ரூகன் தீவில், பெர்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா லூத்தரன் பாதிரியார். பையனுக்கு ஐந்து வயதாகும்போதே அவர் இறந்துவிட, அம்மா பிள்ளைகளோடு பக்கத்திலிருந்த க்ரைஃப்ஸ்வால்டுக்குக் குடிபெயர்ந்தார். பள்ளியில் தியோடார் சுமார் ரகம். பியானோ முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். இசைக்கலைஞன் ஆக வேண்டும் என்பது ஆசை, மருத்துவம் படி என்பது அம்மாவின் பிடிவாதம். நம் வீடுகளில் நடக்கிற அதே பேச்சுவார்த்தைதான், ஊர்தான் வேறு. அம்மா ஜெயித்தார். ஆனால் மகன் பட்டம் வாங்கியதைப் பார்க்க அவர் இல்லை. 1851-இல் காசநோயில் போய்விட்டார். அடுத்த வருஷம் பெர்லினில் பில்ராத் டாக்டரானார்.

டாக்டரானவர் பெர்லினில் கிளினிக் போட்டார். இரண்டு மாதம் திறந்து வைத்திருந்தும் ஒரு நோயாளிகூட வரவில்லை. பின்னாளில் ஐரோப்பா முழுக்கத் தேடிவந்த மனிதரின் தொடக்கம் இது. ஈ ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு 1853-இல் பெர்ன்ஹார்ட் ஃபான் லாங்கன்பெக்கிடம் அசிஸ்டன்ட் வேலை கிடைத்தது.

லாங்கன்பெக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். உதவியாளர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, வருஷாவருஷம் பொறுப்பைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் தனியாக ஆபரேஷன் செய்யவிட்டவர் அவர். இன்றைக்கு நாம் பி.ஜி. என்று சொல்லும் முறைக்குத் தாத்தா. 1860-இல் அவர் தொடங்கிய அறுவை இதழுக்கு ஆசிரியர் வேலை பார்த்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் பில்ராத். அதே வருஷம் ஜூரிக் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. வயது முப்பத்தொன்று.

சீஃப் சொன்ன விஷயம் ஜூரிக்கில்தான் நடந்தது. 1863-இல் அவர் எழுதிய 'பொது அறுவை நோயியலும் சிகிச்சையும்' ஐம்பது விரிவுரைகளாக அமைந்த பாடநூல். பல மொழிகளுக்குப் போய், ஒரு தலைமுறைக்குப் பாடமாக இருந்தது. ஆனால் என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய வேலை, 1860 முதல் 1867 வரை தன் கிளினிக்கில் நடந்த எல்லாவற்றையும் கணக்காக அச்சிட்டது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குக் கத்தி வைத்தார், எத்தனை பேர் செத்தார்கள், எதனால் செத்தார்கள். வீட்டுக்குப் போனவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் விசாரித்துச் சேர்த்தார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் பத்துப் பேருக்குச் செய்து பிழைத்த இரண்டு பேரைப் பற்றி எழுதுவார்கள். மீதி எட்டுப் பேர் அச்சில் கிடையாது. அதை நம்பி வேறு ஊரில் வேறொருவர் அதே ஆபரேஷனைச் செய்து இன்னும் எட்டுப் பேரை அனுப்பிவைப்பார். பில்ராத்தின் கணக்கைப் படிக்கிற இளைஞனுக்கு, இதைத் தொட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். காலை வெட்டி எடுத்தால் இத்தனைக்கு இத்தனை, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த முறிவுக்கு இத்தனைக்கு இத்தனை. தன் பெயரைப் போட்டு, தன் சாவுகளை அச்சேற்றுவது லேசான காரியம் இல்லை. நான் முப்பத்திரண்டு வருஷம் ஆபரேஷன் செய்தேன். நான் அப்படியொரு நோட்டு போடவில்லை.

1867-இல் வியன்னா அழைத்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் பிரஷ்யா ஆஸ்திரியாவைப் போரில் தோற்கடித்திருந்தது. தோற்ற ஊரின் பொது மருத்துவமனைக்கு, ஜெயித்த நாட்டுக்காரர் ஒருவர் இரண்டாம் அறுவைப் பிரிவின் தலைவராக வந்து உட்கார்ந்தார். கடைசிவரை அந்த நாற்காலிதான். 1882-இல் குருநாதர் லாங்கன்பெக்கின் பெர்லின் இடம் தேடிவந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

எல்லாவற்றிலும் அவர் முன்னால் இருந்தார் என்று நினைக்க வேண்டாம். லிஸ்டர் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1867-இலேயே புண்ணில் சீழ் பிடிக்காமல் தடுக்க கார்பாலிக் அமிலத்தைக் கொண்டுவந்துவிட்டார். பில்ராத் அதை ஏற்கப் பல வருஷம் தயங்கினார். சீழ் பிடித்த புண்களை ஆண்டுக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர், சங்கிலி சங்கிலியாகக் கோத்த கிருமிகளைக் கண்டவர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆனால் 1874-இல் தடிமனாக ஒரு நூல் எழுதி, இவையெல்லாம் ஒரே தாவர உயிரின் பல வடிவங்கள், நோய்க்கு இவை காரணம் என்று சொல்ல முடியாது என்று முடித்தார். கண்ணுக்கு நேரே இருந்தது, கைநழுவிப் போய்விட்டது. பிறகு லிஸ்டர் முறை தன் வார்டிலேயே சாவுகளைக் குறைப்பதைப் பார்த்து மாறிக்கொண்டார். மாறவைத்தது வாதம் இல்லை, அந்தக் கணக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இனி அந்த இரைப்பை.

பில்ராத் இரைப்பைப் புற்றை வெட்டி எடுத்த 1881 ஜனவரி 29 என்ற தேதி எல்லாப் பாடநூலிலும் இருக்கும். அதற்கு முந்தைய பத்து வருஷம் பாடநூலில் இருக்காது. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே அவருடைய கிளினிக்கில் நாய்களிடம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் உணவுக்குழாய், பிறகு குடல், பிறகு இரைப்பையின் கீழ்வாசல். தைத்த இடம் ஒட்டுமா? இரைப்பையின் அமிலம் தையலையே கரைத்துவிடாதா? கூசன்பவர், வினிவார்ட்டர் என்ற இரண்டு உதவியாளர்கள் நாய்களில் வாசலை வெட்டியெடுத்துத் தைத்தார்கள். பல நாய்கள் செத்தன, சில பிழைத்தன, தையல் ஒட்டும் என்று தெரிந்தது.

அத்தோடு விடவில்லை. வியன்னா நோயியல் கூடத்தின் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை அந்த இருவரும் புரட்டினார்கள். கேள்வி ஒன்றுதான்: இரைப்பை வாசலில் புற்று வந்து இறந்தவர்களில், புற்று வேறெங்கும் பரவாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஐந்தில் இரண்டு பங்கு என்று கணக்கு வந்தது. அப்படியென்றால் வெட்டி எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. 1876-இல் இதை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லை, கைப்பட எழுதிய பதிவேடுகள். எங்கள் காலத்தில் தீசிஸுக்கு ஐம்பது கேஸ் ஷீட் தேடி ரெக்கார்டு ரூமில் தூசி குடித்தவன் நான். அறுபதாயிரம் என்ற எண்ணைப் படித்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் 1879-இல் பாரிஸில் பெயான், 1880-இல் பிரஷ்யாவின் குல்ம் நகரில் ருடீகியர் என்ற போலந்துக்காரர். இருவரும் இந்த ஆபரேஷனைச் செய்தார்கள், இரண்டு நோயாளிகளும் பிழைக்கவில்லை.

பில்ராத்தின் நோயாளி தெரேசா ஹெல்லருக்கு வயது நாற்பத்துமூன்று. நிறையப் பிள்ளைகள் பெற்றவர். சில மாதமாகச் சாப்பிட்டது எதுவும் தங்காமல், புளித்த பாலை மட்டும் குடித்து உயிர் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் வார்டில் கன்னம் ஒட்டி, கண் குழிந்து, மடியில் பேசினோடு உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் எனக்கு அந்தப் பெயரில் தெரிகின்றன. ஆபரேஷனுக்கு முன் அவர் இரைப்பையைப் பதினான்கு லிட்டர் வெதுவெதுப்பான நீரால் கழுவினார்கள். குளோரோஃபார்ம். மயக்கம் கொடுத்த நேரத்தையும் சேர்த்து மொத்தம் ஒன்றரை மணி நேரம். கட்டியோடு இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்து, மிச்சத்தை டியோடினத்தோடு கார்பாலிக்கில் நனைத்த பட்டு நூலால் ஐம்பதையொட்டிய தையல்கள் போட்டு இணைத்தார். ஒரு கையுறைகூட இல்லாத காலம் அது. ட்ரிப் கிடையாது, ரத்தம் ஏற்ற வழி கிடையாது.

ஆறாம் நாள், பிப்ரவரி 4 அன்று, வியன்னா மருத்துவ வார இதழின் ஆசிரியருக்கு பில்ராத் கடிதம் எழுதினார். நோயாளி நன்றாக இருக்கிறார், இது இப்படி நடந்தது என்று. அவசரம் கொஞ்சம் அதிகம்தான். ஆறாம் நாளில் தையல் விட்டுப்போக இன்னும் நேரம் இருக்கிறது என்று எந்த ஹவுஸ் சர்ஜனும் சொல்வான். ஆனால் விடவில்லை. தெரேசா எழுந்தார், சாப்பிட்டார், வீட்டுக்குப் போனார். நான்கு மாதம் கழித்து மே மாதத்தில், ஈரலுக்குப் பரவிய புற்றால் இறந்தார். அடுத்து பில்ராத் இதே ஆபரேஷனைச் செய்த இரண்டு பேரும் பிழைக்கவில்லை. அதையும் எழுதினார்கள்.

தெரேசாவிடமிருந்து வெட்டி எடுத்த துண்டும், பிரேதப் பரிசோதனையில் எடுத்த இரைப்பையும் வியன்னாவில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. தைத்த இடம் சுத்தமாக ஆறியிருந்தது.

அதே வருஷம் செப்டம்பரில் பில்ராத்தின் உதவியாளர் வோல்ஃப்லர் ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்தார். கட்டி எடுக்க முடியாத நிலை. மூடிவிடலாம் என்றிருந்தபோது, பக்கத்தில் நின்ற நிக்கலடோனி, சிறுகுடலை மேலே கொண்டுவந்து இரைப்பையோடு இணைத்தால் என்ன என்று கேட்டார். இணைத்தார்கள். எங்கள் வார்டில் வாரத்துக்கு மூன்று நான்கு என்று செய்த ஜி.ஜே. அதுதான். இத்தனை வருஷம் பில்ராத்தைப் புற்றுநோயில் தேடிக்கொண்டிருந்தேன், அவர் வீட்டுச் சமையலைத்தான் தினமும் சாப்பிட்டிருக்கிறேன்.

'ரெண்டு' பிறந்தது 1885 ஜனவரியில். பெரிய கட்டி, நோயாளி பலவீனம். முழு ஆபரேஷனைத் தாங்கமாட்டார் என்று பில்ராத் முதலில் குறுக்குவழி மட்டும் போட்டார். நோயாளி தாக்குப்பிடிக்கிறார் என்று தெரிந்ததும் சரி என்று கட்டியையும் எடுத்து, இரண்டு வெட்டுவாய்களையும் மூடினார். திட்டம் போட்டுக் கண்டுபிடித்த முறை இல்லை அது. மேசையில் நின்று எடுத்த முடிவு. நாங்கள் அதை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வேதம் மாதிரி ஒப்பித்தோம்.

தொண்டையில் புற்று வந்த ஒருவரின் குரல்வளையை முழுதாக எடுத்ததும் அவர்தான், 1873-இன் கடைசி நாளில். குரல் போனவருக்குப் பேச ஒரு செயற்கைக் கருவி செய்துகொடுத்தவர் கூசன்பவர்.

இந்தப் பெயர்களையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போவதற்குக் காரணம் இருக்கிறது. எல்லோரும் பில்ராத்திடம் உதவியாளர்களாக இருந்தவர்கள். செர்னி ஹைடல்பெர்க் போனார், அங்கே புற்றுநோய் ஆய்வு நிலையம் தொடங்கினார். மிகுலிச் க்ராக்கோ, கோனிக்ஸ்பெர்க், ப்ரெஸ்லாவ் என்று போய், வாயை மூடும் துணியைக் கட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்த முதல் ஆட்களில் ஒருவரானார். வினிவார்ட்டர் பெல்ஜியத்துக்கு. வோல்ஃப்லர் க்ராட்ஸ், பிறகு ப்ராக். ஐசல்ஸ்பெர்க் ஹாலந்துக்கு. பெரிய ஆபரேஷனின் முதல் கட்டுரையைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளாமல் உதவியாளனை எழுதவிடுவது பில்ராத்தின் வழக்கம். எங்கள் ஊர்களில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதைச் சொன்னால் நாளைக்குக் கல்யாண வீடுகளில் சிலரைப் பார்க்க முடியாது. எழுபதுகளின் கடைசியில் நியூயார்க்கிலிருந்து வந்து இந்த வியன்னா கூடத்தைப் பார்த்துவிட்டுப் போன ஹால்ஸ்டெட் என்ற இளைஞர், பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதே படிக்கட்டு முறையைக் கட்டினார்.

இவ்வளவு மரியாதையோடு எழுதிக்கொண்டு வந்தவன் இங்கே நிற்க வேண்டியிருக்கிறது.

1876-இல் பில்ராத் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் கற்பிப்பது, கற்பது பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் நல்ல பக்கங்கள் பல உண்டு. நடுவில், கலீசியாவிலிருந்தும் (இன்றைய போலந்து, உக்ரைன் பகுதி) ஹங்கேரியிலிருந்தும் வியன்னாவுக்குப் படிக்க வந்த ஏழை யூத மாணவர்களைப் பற்றிச் சில பக்கங்கள். இவர்களுக்குப் பணமும் இல்லை, அடிப்படைப் படிப்பும் இல்லை, மருத்துவத்துக்கு லாயக்கில்லாதவர்கள் என்று எழுதினார். அதோடு நிற்காமல், யூதர் ஒருபோதும் ஜெர்மானியர் ஆக முடியாது என்றும் எழுதினார். வியன்னா கொதித்தது. அவருடைய விரிவுரைக் கூடத்திலேயே மாணவர்கள் கைகலந்தார்கள். தேசியவாத மாணவர்களுக்கு, இத்தனை பெரிய பேராசிரியர் வாயிலிருந்து இது வந்தது கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி.

இதை 'அந்தக் காலத்து ஆள்' என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. இரைப்பையில் கத்தி வைப்பதற்கு முன் அறுபதாயிரம் பதிவுகளைப் புரட்டவைத்த மனிதர், தன் வகுப்பில் பின் பெஞ்சில் பசியோடு உட்கார்ந்திருந்த பையன்களைப் பற்றி எழுதும்போது எதைப் புரட்டினார்? அந்த நூலிலும் அட்டவணைகள் இருக்கின்றன, எண்கள் இருக்கின்றன. ஆனால் முடிவு முதலிலேயே எடுத்தாகிவிட்டது. எங்கள் கல்லூரியிலும் 'கோட்டாவில் வந்தவன்' என்று மேசையைச் சுற்றிக் கிசுகிசுத்த பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் நல்ல சர்ஜன்கள்.

பிற்காலத்தில் பில்ராத் பின்வாங்கினார். 1891-இல் வியன்னாவில் யூத வெறுப்பை எதிர்க்க ஒரு சங்கம் தொடங்கியபோது அதில் தன் பெயரைச் சேர்த்தார். ஆனால் அச்சில் வந்தது வந்ததுதான், அதைப் பயன்படுத்தியவர்கள் அவருடைய இரண்டாம் யோசனைக்குக் காத்திருக்கவில்லை.

இசையமைப்பாளர் பிராம்ஸோடு அவருடைய நட்பைப் பற்றி இசைப்பக்கம் ஆர்வமுள்ளவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் கொஞ்சமாகச் சொல்கிறேன். ஜூரிக்கில் 1865-இல் பழக்கமானார்கள். பில்ராத் பியானோ வாசிப்பார், அறை இசையில் சேர்ந்துகொள்வதற்காகவே வயோலாவும் கற்றார். பிராம்ஸ் புதிதாக எழுதியதை அச்சுக்கு முன் இவருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார். பல படைப்புகள் முதலில் ஒலித்தது பில்ராத்தின் வியன்னா வீட்டில். 1873-இல் வெளிவந்த பிராம்ஸின் ஓபஸ் 51, அதாவது 51-ஆம் எண் படைப்பான நால்வர் இசை இரண்டும் இவருக்குத்தான் சமர்ப்பணம். அதில் ஒன்றின் கையெழுத்துப் பிரதியைப் பரிசாகப் பெற்றவர், அதன் தலைப்பக்கத்து வரியைக் கத்தரித்து பிராம்ஸ் படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தார். பார்த்த பிராம்ஸுக்கு மனசு விட்டுப்போயிற்று. கத்தி பிடித்த கை சும்மா இருக்காது போல.

1881-இலேயே நர்ஸிங் பற்றி வீட்டுப் பெண்களுக்கும் புரியும்படி ஒரு கையேடு எழுதினார். அடுத்த வருஷம் வியன்னாவில் ருடால்ஃபினர்ஹவுஸ் என்ற செவிலியர் பயிற்சிப் பள்ளி அவர் முயற்சியில் தொடங்கியது. 1870-இல் பிரான்ஸோடு நடந்த போரில் தானாகப் போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்தபோது, நல்ல தையலுக்குப் பிறகு நல்ல கைகள் இல்லாமல் ஆட்கள் சாவதைப் பார்த்திருக்கிறார். எங்கள் தியேட்டர் சிஸ்டர் இதைக் கேட்டால், "இதுக்கு வியன்னாவுக்குப் போய்த்தான் தெரிஞ்சிக்கணுமா சார்?" என்பார்.

1887-இல் நிமோனியா வந்து பிழைத்தார், இதயம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1894 பிப்ரவரி 6 அன்று ஏட்ரியாட்டிக் கரையில், இன்று குரோஷியாவில் இருக்கும் ஒபாத்தியாவில் இறந்தார். அவர் நாற்காலிக்கு வந்தவர் கூசன்பவர், அந்த அறுபதாயிரம் பதிவுகளைப் புரட்டிய இருவரில் ஒருவர்.

போன மாதம் ஒரு பழைய டைரியின் காலிப் பக்கங்களில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வயது, ஆபரேஷன், எத்தனையாவது நாள், எதனால். முப்பத்திரண்டு வருஷத்தில் நினைவிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள். ஒருவருடைய முகம் தெரிகிறது, ஊர் தெரிகிறது, கட்டிலுக்கு அடியில் அவர் மனைவி வைத்திருந்த தூக்குச்சட்டிகூடத் தெரிகிறது, என்ன ஆபரேஷன் என்று வரவில்லை. கேட்கலாம் என்றால் சீஃப் போய் ஏழு வருஷமாகிறது. அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள்.